அயலூரில் ஒரு ஞாயிறு

கோவை குறிச்சிக் குளக்கரையில் தமிழ் எழுத்துகளையே உடலாகக் கொண்டு செய்த திருவள்ளுவர் சிலை ஒன்று இருக்கிறது. ஞாயிறு மாலைகளில் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்பவர்களில் பலருக்கு அந்த எழுத்துகளில் ஒன்றைக்கூடப் படிக்கத் தெரியாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எனக்கும் ஜப்பானிய எழுத்து தெரியாது. ஆயினும் கியோட்டோவில் ஒரு கோவில் வாசலில், என்ன எழுதியிருக்கிறது என்றே அறியாத ஒரு பலகையின் கீழ் நின்று நான் எடுத்துக்கொண்ட படம் இன்னும் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

சில வாரங்களுக்கு முன் அந்தச் சிலையருகே நான்கு இளைஞர்கள் என்னிடம் கைப்பேசியை நீட்டினார்கள். "ஏனுங்ணா, ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்ளா?" என்று கேட்டவன் ஒரிசாவின் ராயகடாப் பக்கத்துப் பையன். தமிழ் அவன் நாக்கில் முதன்முதலாக ஏறியபோதே கொங்கு மரியாதையோடு ஏறியிருக்கிறது. 'ங்' போடாமல் தமிழ் பேச முடியும் என்பது அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. படம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தேன். பக்கத்துத் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்படச் சாலையில் வேலை. காலையில் துணி துவைத்து, முடி வெட்டிக்கொண்டு, பத்து மணிவாக்கில் கிளம்பியிருக்கிறார்கள். டவுன்ஹால். ஒப்பணக்கார வீதியில் கடைகடையாகப் பார்த்ததில் ஒருவன் மட்டும் ஒரு சட்டை வாங்கி, அங்கேயே மாற்றிக்கொண்டும் விட்டான். அட்டைக்கு மடித்த மடிப்பு மார்பில் அப்படியே தெரிந்தது. பிறகு உக்கடம் பெரியகுளத்துக் கரை. அங்கிருந்து பேருந்தில் ஏறாமல் நடந்தே இங்கே. நடந்ததைத்தான் மிகுந்த பெருமையோடு சொன்னார்கள்.

வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. ஏழாண்டுகள் வெளிநாட்டில் இருந்தபோது ஒவ்வொரு வார இறுதியிலும் நான் செய்ததும் இதேதான். எனக்கு அது ரசனை. இவர்களுக்கு அது 'வடக்கத்திப் பசங்க கூட்டம்'.

நம் இணைய எழுத்தில் ஒரு கட்டுரை வகை நன்றாக வேரூன்றிவிட்டது. அயல்நாட்டில் வேலை பார்க்கும் தமிழர் ஒருவர் சனிக்கிழமை தாமதமாக எழுந்து, ரயில் பிடித்து நகரின் பழைய பகுதிக்குப் போவார். நடைபாதை ஓரக் காப்பிக்கடை, அருங்காட்சியகம், பழைய புத்தகக்கடை, ஆற்றங்கரை மரப்பலகை, நடுவே திடீரென ஊர் ஞாபகம், கடைசியில் மெல்லிய தனிமை. இந்த வகையை நான் இழிவாகச் சொல்ல மாட்டேன். ஏ.கே. செட்டியார் காலம் தொட்டே ஊர்சுற்றித் தமிழன் நம் உரைநடைக்கு நல்ல காற்றோட்டம் தந்திருக்கிறான். நானும் அப்படி நாலைந்து எழுதியிருக்கிறேன். நண்பர்கள் தேடிப் படிக்க வேண்டாம். என் மனக்குறை வேறு. அயலூரில் ஓய்வாகச் சுற்றும் ஒருவன் கணினிப் பொறியாளனாக இருந்தால் அவன் அனுபவம் இலக்கியமாகிறது. வார்ப்படத் தொழிலாளியாக இருந்தால் அது நகராட்சிப் பிரச்சினையாகிறது. இந்தப் பாகுபாட்டை நாம் யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை, பழக்கத்தில் வந்துவிட்டது. அதுதான் உறுத்துகிறது.

சிங்கப்பூரில் இருந்தபோது நான் செய்த ஒரு காரியத்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியா பக்கம் போவதைத் தவிர்த்தேன். காய்கறி, வெற்றிலை, பத்திரிகை எதுவானாலும் சனிக்கிழமையே முடித்துவிடுவது. காரணம் கேட்டால் கூட்டம் என்பேன். அந்தக் கூட்டம் யார்? கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் ஆறு நாள் வேலை செய்துவிட்டு, தீவின் ஓரங்களில் இருந்த விடுதிகளிலிருந்து பேருந்தில் வந்து இறங்கும் என் மாநிலத்து இளைஞர்கள், வங்காளதேச இளைஞர்கள். ஊருக்குப் பணம் அனுப்புவார்கள். தேக்கா சந்தையருகே புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்து, ஒரே ஊர்க்காரர்களாகச் சேர்ந்து பேசுவார்கள். புதுக்கோட்டைக்கு ஒரு மரத்தடி, மன்னார்குடிக்கு ஒரு மரத்தடி என்று பங்கு பிரித்துக்கொண்டதுபோல் தோன்றும். அடுக்குமாடி வாசிகள் அதுபற்றிப் புகார் சொல்வதுண்டு. என் அலுவலகத் தமிழ் நண்பர்களும் சொல்வார்கள். நான் மறுத்துப் பேசியதில்லை.

2013 டிசம்பர் 8, ஒரு ஞாயிறு இரவு. தொழிலாளர்களை விடுதிக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் தனியார் பேருந்து ஒன்றின் சக்கரத்தில் சிக்கி ஒரு தமிழ்த் தொழிலாளி இறந்தார். ரேஸ்கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில் கலவரம் வெடித்தது. நாற்பதாண்டுகளுக்கு மேல் அந்நாடு காணாத ஒன்று. (கோவைக்காரனுக்கு ரேஸ்கோர்ஸ் என்றால் காலை நடைப்பயிற்சிதான் நினைவுக்கு வரும். இரண்டு ஊர்களிலும் வெள்ளைக்காரன் குதிரை ஓட்டிய இடம், பெயர் மட்டும் மிச்சம்.) 2015-இல் வந்த மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் லிட்டில் இந்தியாவைத் தனிக் கட்டுப்பாட்டு மண்டலமாக்கியது. 2020 ஏப்ரலில் கொள்ளைநோய் விடுதிகளுக்குள் புகுந்தபோது மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ளே பூட்டப்பட்டார்கள். நகரின் மற்றவர்கள் மெல்ல மெல்ல உணவகங்களுக்கும் கடற்கரைக்கும் திரும்பிய பிறகும் அவர்களுக்குத் தளர்வு கிடைக்க மிகத் தாமதமாயிற்று. 2022 ஜூனில் வந்தது ஓர் அனுமதிச் சீட்டு. ஞாயிறு அல்லது பொது விடுமுறையில் லிட்டில் இந்தியா, சைனாடவுன் உள்ளிட்ட நான்கு இடங்களுக்குப் போக வேண்டுமானால் விடுதித் தொழிலாளி முன்கூட்டியே விண்ணப்பித்து அதைப் பெற வேண்டியிருந்தது. நாளொன்றுக்கு 80,000 பேர் வரைக்கும். எனக்கு அப்படி ஒரு சீட்டு தேவைப்பட்டிருக்காது. என் விசாவின் நிறம் வேறு.

இது சிங்கப்பூரைத் திட்டும் கட்டுரை அல்ல. அங்கே தொழிலாளிக்கு வார ஓய்வு சட்டத்தில் உறுதியாக இருக்கிறது. 2013 முதல் வீட்டுப் பணிப்பெண்களுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. நம் ஊரில் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு ஞாயிறு உண்டா என்று அவரவர் வீட்டிலேயே கேட்டுக்கொள்ளலாம்.

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைப் பலரும் போர் நாவலாகவே பேசுகிறார்கள். எனக்கு அது முதலில் ஒரு நடை நாவல். வட்டிக்கடைப் பெட்டியடிப் பையன்களும் அடுத்தாட்களும் கிட்டங்கியை விட்டு வெளியே வந்து மெடானின் தெருக்களில் அலையும் பக்கங்களுக்காகவே அதைத் திரும்பத் திரும்ப எடுக்கிறேன். சிங்காரமும் மெடானில் கடைப்பணி பார்த்தவர்தானே. அந்தப் பையன்கள் நம் பார்வையில் 'எக்ஸ்பாட்' அல்லர். குடும்பத்தை ஊரில் விட்டு, முதலாளியின் கூரையின் கீழ் உண்டு உறங்கி, கணக்கு முடிந்தபின் ஊர் திரும்பக் காத்திருந்த கூலிச் சிப்பந்திகள். ஆனால் தெருவில் நடக்கும்போது அவர்களுக்கு ஓர் ஊர் கிடைக்கிறது, கடைவாசல், பேச்சு, வேடிக்கை, ஆசை என்று. மெடான் பெரும்பாலான தமிழ் வாசகர் மனத்தில் இருப்பதற்குக் காரணம் அந்தச் சிப்பந்திகளின் அலைச்சல்தான். இதே விதி கோவைக்கும் உண்டு என்று நினைக்கிறேன். இந்நகரம் ஏதோ ஓர் ஒடியா மனத்தில் இப்போது எழுதப்பட்டுக்கொண்டிருக்கக்கூடும். அதில் நாம் எப்படித் தெரிவோம்?

ஞாயிறு என்பது தானாகக் கிடைத்ததும் அல்ல. பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்காக நாராயண் மேகாஜி லோகண்டே ஆண்டுக்கணக்கில் மனுவும் கூட்டமுமாகப் போராடி 1890-இல் அதை ஆலை முதலாளிகளிடமிருந்து பெற்றார். மறு ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் வாராந்தர விடுமுறை ஏறியது. கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸின் பஞ்சாலை வந்ததும் ஏறக்குறைய அதே காலம்தான். அதற்கு முன்பு கொங்குச் சீமைக்கு ஞாயிறு என்று ஒன்று கிடையாது. சந்தை நாள்தான் உண்டு. பொள்ளாச்சிக்கும் புளியம்பட்டிக்கும் வியாழன், வேறு ஊருக்கு வேறு கிழமை. கூலி வாங்கி, உப்பும் கருவாடும் வாங்கி, பொரியுருண்டை தின்று, வெளியூர்க்காரனின் வித்தையை வேடிக்கை பார்த்து, பொழுது சாய வண்டியில் திரும்பும் நாள். ஆலைச் சங்கு அந்தக் கிழமைகளையெல்லாம் ஒரே கிழமையாக்கியது. 1930-களில் பைகாரா மின்சாரம் வந்து ஆலைகள் பெருகியபோது அவிநாசிப் பக்கமும் பல்லடம் பக்கமும் காட்டை விட்டு வந்தவர்களுக்குக் கோவையே அயலூர்தான். அவர்கள் ஞாயிறை எங்கே கழித்தார்கள்? பெரும்பாலும் சினிமாக் கொட்டகையில். திருச்சியில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவி வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டி, கடைசியில் 1914-இல் இங்கே வெரைட்டி ஹால் கட்டினார். அந்தச் சாலைக்கு இன்றும் அதுதான் பெயர். அக்காலத்திலும் 'ஆலைக்காரக் கூட்டம்' என்று முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளும் ஆலைக்காரர்களின் பேரப்பிள்ளைகளும் இன்று ஒரே வணிக வளாகத்தில் காரை நிறுத்த இடம் தேடுகிறார்கள்.

மேலும், கோவைக்குச் சொந்தக்காரர் யார் என்று பட்டியலிடத் தொடங்கினால் பட்டியல் நீளும். மேட்டுப்பாளையம் சாலையில் குஜராத்தி சமாஜம் இருக்கிறது. ரங்கே கவுடர் வீதியில் மார்வாரிக் கடை. பாலக்காட்டுக் கணவாய் வழி வந்த மலையாளிகள், தெலுங்கும் கன்னடமும் வீட்டுக்குள் பேசுபவர்கள், தெற்கிலிருந்து வந்து வேரூன்றியவர்கள். நாஞ்சில் நாடன் நம் ஊர்க்காரராகி எத்தனை காலமாயிற்று! கணவாயில் காற்று வருவதுபோல ஆட்களும் வந்துகொண்டிருந்த ஊர் இது. இப்போது வருபவர்களை ஆலப்புழை–தன்பாத் விரைவு வண்டி கொண்டுவந்து விடுகிறது, அவ்வளவுதான் மாற்றம்.

திருப்பூரில் இந்த ஞாயிறு இன்னும் அடர்த்தியானது. அங்கே சனிக்கிழமை வாரக்கூலி. ஆகவே ஞாயிறு காலையில் எல்லார் பையிலும் பணம் இருக்கும். மாலையில் பலர் பையில் இருக்காது. ரயில் நிலையத்தில் இறங்கிக் காதர்பேட்டைப் பக்கம் போனால், ஏற்றுமதியில் கழிந்த பனியன்கள் குவியலாகக் கிடக்க, அவற்றைத் தைத்த கைகளே அவற்றைப் பேரம் பேசி வாங்கும் காட்சியைக் காணலாம். ஏதோ ஓர் ஐரோப்பியக் கடையின் பெயர் மார்பில் இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு குமரன் நினைவகத்தின் பக்கம் நிழலில் உட்கார்ந்து ஊருக்குக் காணொளி அழைப்பு. தைத்தவன், வாங்கியவன், உடுத்தியவன் மூவரும் ஒருவராக இருக்கும் அபூர்வமான இடம். உலகப் பொருளாதாரம் பற்றிப் பேசுகிற பேராசிரியர்கள் ஒரு ஞாயிறு அங்கே வந்து போகலாம். சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' அவ்வூரின் நொய்யலை எழுதியது. எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' அங்கே வளர்ந்த நம் பையன்களை எழுதியது. இரண்டும் முக்கியமான நாவல்கள். அந்த வரிசையில் அடுத்து வர வேண்டியது இன்னும் வரவில்லை என்பது என் எண்ணம். வரும்போது அது தமிழில்தான் வரும் என்று சொல்ல முடியாது.

தெருவில் தெரிபவர்களைப் பற்றி இவ்வளவும் சொன்னேன். தெரியாதவர்களைப் பற்றிச் சொல்வது கடினம். அந்த ஞாயிற்றுக் கூட்டத்தில் பெண்கள் எத்தனை பேர் என்று அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். ஆண்களே நிறைந்திருப்பார்கள். இத்தனைக்கும் கொங்கு நாட்டு நூற்பாலைகளில் பெண்கள்தான் பெருந்தொகையினர். 'சுமங்கலித் திட்டம்' என்ற மங்கலப் பெயரில் தென்மாவட்டத்து ஏழைப் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் கொண்டுவந்து, முடிவில் கல்யாணச் செலவுக்கென ஒரு மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன காலத்தை நாம் மறந்திருக்க முடியாது. பிறகு தென்மாவட்டம் போய் ஒரிசாவும் ஜார்க்கண்டும் வந்தன. பெயர் மாறியது, விடுதி மாறவில்லை. பல ஆலைகளில் விடுதி ஆலை மதிலுக்குள்ளேயே இருக்கும். ஞாயிறு விடுமுறை தாளில் இருக்கும். ஆனால் வாயிலுக்கு வெளியே போவதென்றால் மாதம் ஒருமுறை, வார்டன் துணையோடு, எண்ணி ஏற்றிய வண்டியில் கடைத்தெரு வரை. 'பெண் பிள்ளைகள், பாதுகாப்பு வேண்டாமா?' என்பார்கள். இந்தக் கேள்வியை நம் வீட்டுப் பெண் பெங்களூரிலோ பெர்லினிலோ தனியே சுற்றும்போது நாம் கேட்பதில்லை. கேட்டால் அவள் சும்மா விடவும் மாட்டாள். மூன்று வருடம் ஓர் ஊரில் இருந்துவிட்டு அந்த ஊரின் ஒரு தெருவைக்கூடத் தன் விருப்பத்துக்கு நடந்து பார்க்காமல் திரும்பும் ஒருத்திக்கு அந்த ஊரின் பெயர் என்ன பொருள் தரும்? அவள் கோயம்புத்தூரில் இருந்தாள் என்று சொல்வதே பொருந்தாது. ஆலையில் இருந்தாள்.

இங்கே வழக்கமான ஓர் எதிர்ப்புக் குரல் வரும். இவர்கள் வந்து நம் பையன்கள் வேலை போகிறது, கூலி குறைகிறது என்பது. அக்குரலை நான் அலட்சியம் செய்யவில்லை. அதில் வயிற்றெரிச்சல் மட்டுமல்ல, வயிறும் இருக்கிறது. ஆனால் கூலி ஏன் குறைகிறது என்று ஒரு படி மேலே யோசிக்க வேண்டும். பட்டறைக்குள்ளேயே தகரக் கொட்டகையில் தங்கி, எந்நேரமும் கூப்பிட்டால் எழுந்து வரக்கூடிய ஆள் வேண்டும் என்பதற்காகவே வெளியாள் விரும்பப்படுகிறான். அவன் மலிவாக இருப்பது அவன் மொழியாலோ மாநிலத்தாலோ அல்ல, அவனுக்கென்று ஒரு பொழுது இல்லாததால். கிளம்பிப் போய் ஊர் சுற்றுகிறவன், நாலு இடத்தில் நாலு பேரோடு பேசி எங்கே என்ன கூலி என்று அறிந்துகொள்கிறவன், மலிவாக நீடிக்க மாட்டான். ஆகவே அவன் ஞாயிறை அவனுக்கு முழுதாகக் கொடுப்பதில் உள்ளூர்த் தொழிலாளியின் நலமும் அடங்கியிருக்கிறது. சங்கங்கள் இதைப் போனஸ் பேச்சுவார்த்தை அளவுக்குத் தீவிரமாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

2023 மார்ச்சில் நடந்தது நினைவிருக்கும். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று வேறெங்கோ எடுத்த காணொளிகளைப் பொய்யாகப் பரப்பினார்கள். திருப்பூரிலும் கோவையிலும் காவல்துறை இந்தியில் அறிவிப்பு வெளியிட வேண்டியதாயிற்று. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துவிட்டுப் போனது. வதந்தி பொய்தான். ஆனால் இவ்வளவு பேர் அதை ஏன் உடனே நம்பினார்கள் என்ற கேள்வியை நாம் சௌகரியமாகக் கடந்துவிட்டோம். வருடக்கணக்கில் இங்கே வசிப்பவனுக்கு இந்த ஊரில் மேஸ்திரியையும் மளிகைக் கடைக்காரரையும் தவிர எவரையும் தெரியாது என்றால், ஊரிலிருந்து அம்மா அழுதுகொண்டு அழைக்கும்போது அவன் எதை வைத்து மறுப்பான்? எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்காரர் சொன்னார், அந்த வாரம் ஞாயிறு வந்தும் அவருடைய பையன்கள் அறையை விட்டு வெளியே வரவில்லை என்று. "சோறாக்கித் தின்னுட்டுப் படுத்தே கெடந்தானுங்க" என்றார். அவர் குரலில் வருத்தமும் இருந்தது. திங்கட்கிழமை ஆள் நிற்குமா என்ற கணக்கும் இருந்தது.

கேட்பது பெரிதல்ல. உட்கார நிழலில் ஒரு பலகை, குடிக்கத் தண்ணீர், காசு கேட்காத கழிப்பறை, ஞாயிறு இரவு ஒன்பதுக்கு மேலும் தொழிற்பேட்டைப் பக்கம் போகும் ஒரு நகரப் பேருந்து. குளக்கரைகளை அழகுபடுத்தக் கோடிக்கணக்கில் செலவழித்த நகரத்துக்கு இவை ஒரு சுமையா? ஆனால் என் கண்ணால் கண்டது வேறு. ஒரு பூங்காவில், யாருக்கும் தொந்தரவில்லாமல் வட்டமாக உட்கார்ந்து ஒரே கைப்பேசியில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த ஆறேழு பேரைக் காவலாளி வந்து கோலால் தரையைத் தட்டி எழுப்பினார். அவர்களும் ஏன் என்று கேட்கவில்லை, எழுந்து போய்விட்டார்கள். பக்கத்துப் பலகையில் அவர்களைவிட உரக்கப் பேசிக்கொண்டிருந்த எங்களை அவர் ஒன்றும் சொல்லவில்லை; வணக்கம்கூடச் சொன்னார். இப்போதும் நான் மறுத்துப் பேசவில்லை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தேக்காவின் பழக்கம் எளிதில் போவதாயில்லை.

குறிச்சியில் பார்த்த அந்த ராயகடாப் பையனிடம் கடைசியாகக் கேட்டேன், அடுத்த ஞாயிறு எங்கே என்று. "மருதமலைங்ணா" என்றான். பேருந்து எங்கே ஏற வேண்டும் என்று கேட்டான். காந்திபுரத்தில் ஏறலாம் என்றேன்; படியேறிப் போனால் பாதி வழியில் ஊர் முழுவதும் கீழே தெரியும் என்றும் சொன்னேன். அவன் அதை மற்ற மூவருக்கும் தன் மொழியில் மொழிபெயர்த்தான். நான் சொன்னதைவிட நீளமாக இருந்தது.